காளியாயி கூரைக்கு இந்தப் பக்கம்

ஜெயந்தினி டீச்சர் வீட்டில் குடை தொலைந்ததாகச் சரித்திரம் இல்லை. குடை மட்டுமா? பக்கத்து வீட்டுக்குப் பாயசம் கொண்டுபோன தூக்குச்சட்டி, இரவல் போன தேங்காய்த் துருவி, வகுப்பில் கைமாறிய கத்தரிக்கோல், எதுவானாலும் போன வழியே திரும்பி வந்தாக வேண்டும். வராவிட்டால் அவளே போய் வாசலில் நிற்பாள். சண்டைக்கு அல்ல. சிரித்த முகத்தோடுதான் நிற்பாள், ஆனால் சாமான் கைக்கு வரும்வரை நகர மாட்டாள். எல்லாவற்றிலும் ஒரு மூலையில் சிவப்பு நகப்பூச்சால் புள்ளி வைத்திருப்பாள். அவள் கணவர் கஜேந்திரன் ஹட்டனுக்கும் நுவரெலியாவுக்கும் இடையில் பஸ் ஓட்டுகிறவர். "நான் தூங்கயில எனக்கும் எங்கயோ ஒரு புள்ளி வச்சிருக்கா. அதான் எங்க சுத்துனாலும் கொட்டகலைக்கே வந்து நிக்கிறேன்" என்று மற்ற டிரைவர்களிடம் சொல்லிச் சிரிப்பார்.

காரணம் இல்லாமல் இல்லை. டயகமவில் அவள் பிறந்த, தோட்டத் தொழிலாளர் லயத்தின் ஒற்றை அறைக் காம்பிராவில் நாலு பிள்ளைகளுக்கு ஒரே குடை. ஐந்தாம் வகுப்பு படிக்கும்போது அதைப் பஸ்ஸில் விட்டுவிட்டு இறங்கியவள் அவள்தான். அந்த மழைக்காலம் முழுக்க நாலு பேரும் உரப்பையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு பள்ளிக்கூடம் போனார்கள். யாரும் அவளை அடிக்கவில்லை, ஒரு வார்த்தை திட்டவும் இல்லை. திட்டியிருந்தால் மறந்திருப்பாள்.

இப்படிப்பட்ட ஒருத்தியிடம்தான் கல்லுமேடு தோட்டத்துப் பாடசாலை ரொக்கெட் விடும் பொறுப்பைக் கொடுத்தது.

வெடிமருந்து வைத்த ரொக்கெட் அல்ல. அதிபர் பத்திநாதன் தீபாவளி வெடிச் சத்தத்துக்கே காதைப் பொத்துகிறவர். பெரிய சோடாப் போத்தலில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர், மிச்சத்தில் சைக்கிள் பம்பால் அடைத்த காற்று. பிடியை விட்டால் தண்ணீரைப் பீய்ச்சிக்கொண்டு போத்தல் சவுக்கு மரங்களுக்கு மேலே போகும். பிள்ளைகள் அதற்கே குதிப்பார்கள். ஜெயந்தினி குதிக்க மாட்டாள். "மேல அனுப்புறதுல என்ன இருக்கு? அது திரும்பி வரணும், ஒடையாம வரணும். அதுதான் விஞ்ஞானம்" என்பாள்.

போன வருஷம் அது திரும்பி வந்தது. காளியாயி வீட்டுக்குள் வந்தது.

பாடசாலைக்கென்று மைதானம் கிடையாது. தோட்டத்து மைதானத்தைத்தான் தோட்டத்தை நடத்தும் துரையிடம் கேட்டு வாங்க வேண்டும். ஒரு பக்கம் தேயிலை, இன்னொரு பக்கம் பள்ளம், மூன்றாவது பக்கம் கடைசி லயம். அந்த லயத்தின் கடைசி வீடு காளியாயியுடையது. கொழுந்து எடுக்கிறவள். வயது அறுபதைத் தொடப்போகிறது, குரலுக்கு மட்டும் இன்னும் முப்பதுதான். போன வருஷத்து ரொக்கெட்டுக்குப் பரசூட் இல்லை. மூக்குக் குத்தி இறங்கி, துருப்பிடித்த கூரைத் தகரத்தைப் பொத்துக்கொண்டு, அடுப்படியில் சோற்றுப் பானைக்குப் பக்கத்தில் விழுந்தது. புதுத் தகரம் வந்து சேர மாதக்கணக்காயிற்று. அதுவரை மழை பெய்யும்போதெல்லாம் காளியாயி பாத்திரத்தை வைத்துவிட்டுப் பாடசாலையைப் பார்த்துத்தான் பேசினாள். துரை கடைசியில் அதிபரைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்: இன்னொரு முறைப்பாடு வந்தால் மைதானம் பாடசாலைக்கு இல்லை. ரொக்கெட்டுக்கு மட்டுமல்ல, விளையாட்டுப் போட்டிக்கும் இல்லை, ஒன்றுக்கும் இல்லை.

ஆகவே இந்த வருஷத்து ரொக்கெட் நாளுக்குப் பரசூட். கொழும்பில் வேலை செய்யும் பழைய மாணவி ஒருத்தி கடையில் இருப்பதையெல்லாம் படம் எடுத்து அனுப்பி, "எது வேணும்னு சொல்லுங்க டீச்சர், நான் வாங்கி அனுப்புறேன்" என்றாள். ஜெயந்தினி சமையலறையில் போனை மாச்சட்டியின் மேல் சாய்த்து வைத்து, ரொட்டி தட்டிக்கொண்டே பார்த்தாள். மூன்று வகை இருந்தன. நீளமான நாடா, அது படபடவென்று அடித்து விழுகிற வேகத்தைக் கொஞ்சம் குறைக்கும். கைக்குட்டையைவிடச் சற்றுப் பெரிய பரசூட். அப்புறம், பிள்ளைக்குத் தொட்டில் கட்டும் சேலையளவு ஒரு பெரிய பரசூட்.

"பெருசுதான்" என்றாள்.

"ஏன்?" கஜேந்திரன் தேங்காய் துருவிக்கொண்டிருந்தார்.

"மெதுவா, பூ மாதிரி எறங்கும்னு போட்டிருக்கு. அப்பிடியே அந்தம்மா கூரை மேல விழுந்தாலும் ஒரு கீறல் விழாது."

"பூ எங்க எறங்கும்னு போட்டிருக்கா?"

"நீங்க தேங்காயப் பாருங்க, வெரலத் துருவிக்காதீங்க."

பொதி வந்தது. உள்ளே மூக்குக்கூம்பு, தக்கையில் வெட்டிய செட்டைகள், நூல்கள், வழிகாட்டித் தாள் ஒன்று, பரசூட். வெள்ளை வெளேரென்று, பட்டுப்போல. பிள்ளைகள் கன்னத்தில் வைத்துப் பார்த்தார்கள். ஜெயந்தினி தாளில் படங்களை மட்டும் பார்த்து, கூம்புக்குள் துணியை மடிக்கும் விதத்தைப் படித்துக்கொண்டாள். உச்சிக்குப் போய் வேகம் ஓய்ந்ததும் கூம்பு கழன்று விழும். அது துணியை இழுக்கும். துணி விரியும். அவ்வளவுதான்.

முதல் சோதனை காலையில், பாடசாலை தொடங்குமுன். பனி இறங்கி மைதானமே பாலில் ஊறியது போலிருந்தது. இலை அசையவில்லை. ரொக்கெட் பனிக்குள் போய் மறைந்தது. பிறகு வெள்ளையாக ஒன்று விரிந்து, ஆடாமல் அசையாமல் இறங்கி, மைதானத்தின் நடுவே உட்கார்ந்தது. ஜெயந்தினிக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. அன்று முழுக்க வகுப்பில் யாரையும் அதட்டவில்லை.

மறுநாள் பாடசாலை விட்ட பிறகு இன்னொரு தடவை விட்டுப் பார்க்கலாம் என்று பிள்ளைகள் கெஞ்சினார்கள். ஆடி மாதம். காலையில் தூங்குகிற காற்று மத்தியானத்துக்கு மேல் எழுந்து கணவாய் வழியாக வரும். ஆடிக் காத்துல அம்மியே பறக்கும் என்று சின்ன வயதிலிருந்து ஆயிரம் தடவை கேட்டவள்தான். ஆனால் அவள் மனசில் நின்றது ஒரே கேள்வி: எவ்வளவு மெதுவாக விழும்? எங்கே விழும் என்பது அந்தக் கேள்விக்குள்ளேயே அடங்கிவிட்டதாக நினைத்திருந்தாள். போன வருஷத்து ஓட்டைக்குப் பரிகாரம் தேடியவளுக்கு மென்மையைத் தவிர வேறெதுவும் தெரியவில்லை.

துணி விரிந்ததும் காற்று அதை வாங்கிக்கொண்டது. இறங்கவே இல்லை. மைதானத்தைத் தாண்டி, வேலியைத் தாண்டி, காளியாயியின் கூரைக்கு மேலே நிதானமாகப் போய், அவள் வாசலுக்கு எதிரே நிற்கும் சவுக்கு மரத்தின் கொப்பில் மாட்டிக்கொண்டது. போத்தல் இலைகளுக்குள் மறைந்துவிட்டது. வெள்ளைத் துணி மட்டும் நீளமாகத் தொங்கி ஆடியது.

ஜெயந்தினி பிள்ளைகளோடு ஓடிவந்து முதலில் கூரையைப் பார்த்தாள். தகரத்துக்கு ஒன்றுமில்லை. அப்பாடா என்று மூச்சு விட்டு, மூங்கில் கழி தேட ஆளனுப்பினாள். வாசல் திண்ணையான இஸ்தோப்பில் காளியாயியின் கணவர் நல்லமுத்து கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இளைப்பு நோய்க்காரர். நுவரெலியா ஆஸ்பத்திரியில் கிடந்துவிட்டு அந்த வாரம்தான் வந்திருந்தார்.

"நல்லாத்தான் வந்துச்சு டீச்சர்" என்றார். "மரந்தான் குறுக்க நிக்கிது."

அப்போதுதான் மேல் மலையிலிருந்து ஆட்கள் இறங்குவதை ஜெயந்தினி கண்டாள். கொழுந்து நிறுக்கும் நேரம் இன்னும் ஆகவில்லை. வேடிக்கை பார்க்க வருகிறார்கள் என்று நினைத்தாள். பிள்ளைகள் கையசைத்தார்கள். யாரும் திருப்பி அசைக்கவில்லை. பெண்கள் வாயில் கையை வைத்துக்கொண்டு வந்தார்கள். எல்லோருக்கும் முன்னால் காளியாயி. இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கு அவிழாமல், தலையில் துண்டு இல்லாமல், வெறுங்காலோடு, கல்லென்றும் தண்ணீர் ஓடும் காணென்றும் பார்க்காமல் ஓடிவந்தாள்.

சண்டைக்கு வருகிறாள் என்று ஜெயந்தினி நினைத்தாள். "அக்கா, கூரைக்கு ஒண்ணுமில்ல" என்று தொடங்கினாள். காளியாயி அவளைப் பார்க்கவே இல்லை. அவளைத் தாண்டிக்கொண்டு இஸ்தோப்பில் ஏறினாள். நல்லமுத்து பிளேன்டீயில் பிஸ்கட்டைத் தோய்த்து வாய்க்குக் கொண்டுபோனவர் அப்படியே நிறுத்தினார். காளியாயி அவரைப் பார்த்தாள். கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு மெல்லக் கீழே உட்கார்ந்துவிட்டாள்.

பின்னால் வந்த நல்லமுத்துவின் தங்கை நாகலெட்சுமி "அண்ணே!" என்று ஒரு குரல் எடுத்தவள், அண்ணன் பிஸ்கட்டோடு இருப்பதைக் கண்டு பாதியில் விழுங்கினாள்.

ஜெயந்தினி அப்போதுதான் நிமிர்ந்து மரத்தைப் பார்த்தாள். மேல் மலையிலிருந்து பார்த்தால் என்ன தெரிந்திருக்கும் என்று பார்த்தாள். சாவு விழுந்த வீட்டுக்குப் போகும் வழியில் வெள்ளைக்கொடி கட்டுவார்கள். அவள் அப்பா செத்தபோதும் டயகமவில் முக்கு முக்காகக் கட்டினார்கள். நோயாளி இருக்கும் வீட்டு வாசலில், எல்லோர் கண்ணுக்கும் தெரியும் உயரத்தில், அதை அவள் கட்டிவிட்டிருந்தாள்.

பிஸ்கட்டின் நனைந்த பாதி உடைந்து தேத்தண்ணிக்குள் விழுந்தது.

"என்னடி, எல்லாரும் வந்திருக்கீங்க?" என்றார் நல்லமுத்து.

"ஒங்க எழவுக்கு" என்றாள் காளியாயி. குரலே எழவில்லை. "மலையில நின்னு பாத்தேன். வாசல்ல வெள்ளை ஆடுது. கங்காணி போ போங்குறாரு. பாதையே தெரியல எனக்கு."

"அக்கா..." என்றாள் ஜெயந்தினி.

காளியாயி திரும்பினாள். இப்போது குரல் வந்தது. "போன வருசம் கூரைய எடுத்தீங்க. இந்த வருசம் புருசனயும் எடுக்கப் பாத்தீங்களா டீச்சரம்மா? அடுத்த வருசம் என்ன, என்னய கொண்டுபோகவா?"

"தப்புத்தான் அக்கா. நான் வேணும்னு..."

"வேணும்னு யாரு செய்வா? படிச்சவுங்க நீங்க. நீங்களும் லயத்துல பொறந்தவுங்கதான? வெள்ளைய மேல விட்டா எங்களுக்கு என்னா தோணும்னு தெரியாதா?"

தெரியும். கொழும்புக்காரருக்குத் தெரியாமல் போகலாம், தாளில் எழுதியவனுக்குத் தெரியாமல் போகலாம். அவளுக்குத் தெரியும்.

நல்லமுத்து இதற்குள் வந்தவர்களை ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் ஒரு வெளிச்சம். "அழகன் வந்திருக்கான். அவனுக்கும் எனக்கும் ரெண்டு வருசமா பேச்சே கெடையாது. ஏன்டா, வெறுங்கைய வீசிக்கிட்டா வந்த? ஒரு மாலை கொண்டு வரக்கூடாதா?"

அழகன் தலையைச் சொறிந்தான். "அவசரத்துல வந்தேன் மாமா."

"கங்காணி வரலியே?"

"அவரு பின்னால வர்றாரு."

"வரட்டும், வரட்டும். நான் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். யாரு வாறது, யாரு வராததுன்னு செத்தவனுக்கு எங்க தெரியப்போவுது? எனக்குத் தெரிஞ்சிருச்சில்ல" என்று சொல்லிச் சிரித்தார். சிரிப்பு இருமலாயிற்று. காளியாயி எழுந்து அவர் முதுகைத் தடவினாள். தடவுகிற கை கொஞ்சம் பலமாகவே விழுந்தது. அந்தச் சாக்கில் மற்றவர்களும் சிரித்தார்கள். யாரோ அழுதார்கள். காளியாயி எல்லோருக்கும் பிளேன்டீ போட உள்ளே போனாள். வந்தவர்களை வெறும் வாயோடு அனுப்ப முடியாது அல்லவா?

துணியைக் கழற்றி எடுத்துக்கொண்டு ஜெயந்தினி படியிறங்கும்போது காளியாயி வாசலுக்கு வந்தாள்.

"சனிக்கெழம விடப்போறீங்களாமே."

"வேணாம்னா சொல்லுங்க அக்கா. அதிபர்கிட்ட சொல்லிட்டு நிப்பாட்டிர்றேன்."

"நா ஏன் நிப்பாட்டணும்? பிள்ளைங்க ஆசைப்படுதுங்க. ஆனா ஒண்ணு. வெள்ளையா எதும் மேல போகக் கூடாது. என் கூரையத் தாண்டி எதும் வரக் கூடாது. கூரைக்கு அந்தப் பக்கம், மைதானத்துல, என்னாத்த வேணும்னாலும் ஒடைங்க. தாண்டி வந்துச்சு, நா நேரா தொரை பங்களாவுக்குத்தான் போவேன். அப்பறம் டீச்சருன்னு பாக்க மாட்டேன்."

அன்று சாயங்காலம் ஜெயந்தினி வழிகாட்டித் தாளை முதல் வரியிலிருந்து படித்தாள். துணி பெரிதானால் மெதுவாக இறங்கும். மெதுவாக இறங்குவது தூரமாகப் போகும். காற்றுள்ள நாளில் சிறியதைப் போடு, இல்லாவிட்டால் நடுவில் ஓட்டை வெட்டு. எல்லாம் எழுதியிருந்தது. நிறத்தைப் பற்றி மட்டும் ஒன்றும் இல்லை.

கொழும்பிலிருந்து இன்னொன்று வருவதற்குள் சனிக்கிழமை போய்விடும். அலுமாரியைத் திறந்து பார்த்தாள். சேலைத் துணி காற்றை விட்டுவிடும். பொலித்தீன் கிழியும். கதவுக்குப் பின்னால் அவளுடைய குடை தொங்கியது. மெரூன் நிறம், கம்பி ஒன்றுகூட வளையாதது, பிடியில் சிவப்புப் புள்ளி. தண்டு நுழைவதற்கு நடுவில் ஓட்டை ஏற்கெனவே இருந்தது. எட்டுக் கம்பிக்கு எட்டுத் தையல், எட்டு நூல் கட்ட எட்டு இடம். அவள் வெகுநேரம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு கத்தரிக்கோலை எடுத்தாள்.

கஜேந்திரன் வேலை முடிந்து வந்தபோது கம்பிகள் மட்டும் சமையலறை மூலையில் விரிந்து நின்றன. கோழியைத் தின்றுவிட்டு எலும்பை வைத்த மாதிரி இருந்தது.

"ஜெயந்தி, ஒடம்புக்கு ஏதும் செய்யுதா?"

"ஒண்ணுமில்ல. ஏன்?"

"நல்ல கொடைய வெட்டியிருக்கே."

"சோத்துத் தட்டைக் குடுங்க, அளவு வைக்கணும்."

தட்டைக் கொடுத்துவிட்டு அவர் எதிரே உட்கார்ந்தார். தட்டளவு வெட்டிய வட்டத்தைப் பார்த்து, "இவ்வளவுதானா? இது பூ மாதிரி எறங்காதே" என்றார்.

"எறங்காது. கல்லு மாதிரியும் எறங்காது. ரெண்டுக்கும் நடுவுல." நூலைப் பல்லால் கடித்தாள். "ஒடஞ்சா ஒடையட்டும். மைதானத்துக்குள்ள ஒடையட்டும்."

சனிக்கிழமை வலயக் கல்வி அலுவலகத்திலிருந்து பணிப்பாளர் வந்திருந்தார். பெற்றோர் வந்திருந்தார்கள். காற்றும் வந்திருந்தது. அதிபர் பத்திநாதன் ஜெயந்தினியை ஓரமாக அழைத்தார்.

"டீச்சர், அந்தப் பெரிய வெள்ளைய மடிச்சு உள்ளுக்கு வச்சிருக்கீங்களாமே. ஒரே ஒருக்கா அதைப் போடுவமா? பணிப்பாளர் சேர் பாக்கட்டும். அது விரியிற அழகே வேற."

"இல்ல சேர்."

"ஒருக்காதான்."

"சேர், அது விரிஞ்சா அங்க மூச்சு நிக்கிது" என்று கடைசி லயத்தைக் காட்டினாள். பத்திநாதன் அந்தப் பக்கம் பார்த்தார். மைதானம் தெரியும்படி வேலியோரம் நல்லமுத்து கம்பளியோடு. பக்கத்தில் காளியாயி, கையைக் கட்டிக்கொண்டு. சரி என்று தலையாட்டினார்.

பிள்ளைகள் பம்பை அடித்தார்கள். எண்ணினார்கள். பிடி விட்டது. தண்ணீர் எல்லோர் மேலும் தெறிக்க, போத்தல் போனது. உச்சியில் ஒரு கணம் நின்றது. கூம்பு கழன்றது. சின்னதாக, மெரூனாக, ஒரு வட்டம் விரிந்தது. கூட்டம் ஓவென்று தொடங்கி, அது இறங்குகிற வேகத்தைப் பார்த்து ஆவென்று முடித்தது. காற்று இழுத்தது. ரொக்கெட் சரிந்துகொண்டே லயத்தின் பக்கம் போயிற்று. ஜெயந்தினி ஓடவில்லை. கையிலிருந்த போத்தல் மூடியை உள்ளங்கையில் பதியும்வரை அழுத்தினாள். போ, போ, விழு, இங்கேயே விழு. மைதானத்தின் ஓரம், காளியாயி வேலிக்கு ஒரு பாய் அகலம் முன்னால், காண் மேட்டில் தொப்பென்று விழுந்தது.

"அவ்வளவுதானா?" என்றார் பின்னால் யாரோ ஒரு தகப்பன்.

வேலியோரத்திலிருந்து நல்லமுத்து மட்டும் கைதட்டினார். பிறகு பிள்ளைகள் தட்டினார்கள். பணிப்பாளரும் வேறு வழியில்லாமல் தட்டினார்.

காளியாயி வேலியைத் தாண்டி வந்து அதை எடுத்தாள். புரட்டிப் பார்த்தாள். மைதானத்தின் குறுக்கே நடந்து வந்து ஜெயந்தினியிடம் நீட்டினாள். பச்சையில் சரிகைக் கரை போட்ட சேலை கட்டியிருந்தாள்.

"இந்தாங்க. செறகு ஒண்ணு ஒடஞ்சு போச்சு."

"அது ஒட்டிக்கலாம் அக்கா."

"வேலிக்கு இந்தப் பக்கந்தான் விழுந்துச்சு. நா ஒண்ணும் சொல்றதுக்கில்ல." குரலில் கொஞ்சம் ஏமாற்றம். "தொரை பங்களாவுக்குப் போறதுக்குன்னு நல்ல சீலையெல்லாம் கட்டிட்டு நின்னேன்."

"அது வீண் போகல அக்கா. ரொக்கெட் நாளுக்குத்தான் கட்டுனீங்கன்னு நான் சொல்லிக்கிறேன்."

காளியாயி துணியைத் தடவிப் பார்த்தாள். தையலை விரலால் நெருடினாள். "இது கொடைச் சீலை இல்ல?"

"ஆமா."

"யாரோடது?"

"என்னோடது."

காளியாயி அண்ணாந்து வானத்தைப் பார்த்தாள்.

பணிப்பாளர் தேத்தண்ணி குடித்து முடிப்பதற்குள் மழை பிடித்துக்கொண்டது. கூட்டம் கலைந்தது. ஜெயந்தினி பம்பையும் மிச்சப் போத்தல்களையும் அறையில் பூட்டிவிட்டு, சாவியைப் பைக்குள் போட்டு, வழக்கம்போல ஆசிரியர் அறைக் கதவுக்குப் பின்னால் குடைக்காகக் கையை நீட்டினாள். அங்கே ஒன்றும் தொங்கவில்லை. முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு பஸ் பாதைக்கு இறங்கினாள். லயத்து முடக்கில் காளியாயி நின்றிருந்தாள், கையில் கறுப்புக் குடை. ஒரு கம்பி வளைந்து பறவைக் கால் மாதிரி நீட்டிக்கொண்டிருந்தது.

"புடிங்க."

"வேணாம் அக்கா, பஸ் இப்ப வந்துரும்."

"புடிங்கன்னா. நனைஞ்சு காய்ச்சல் வந்தா அதுக்கும் என் வீட்டு மரந்தான் காரணம்னு சொல்லுவீங்க." குடையைக் கையில் திணித்தாள். "புதன்கெழம இந்த ஆளுக்கு கிளினிக். அதுக்குள்ள வந்துரணும்."

"வந்துரும்."

"வரும்னு எல்லாருந்தான் சொல்றாங்க."

ஜெயந்தினி பாதையில் இறங்கி, தேயிலைத் திருப்பத்தில் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். காளியாயி தலையில் உரப்பையைக் கவிழ்த்துக்கொண்டு அங்கேயே நின்றாள். ஜெயந்தினியைப் பார்க்கவில்லை, குடையைத்தான் பார்த்துக்கொண்டு நின்றாள். அந்தப் பார்வை ஜெயந்தினிக்குத் தெரிந்த பார்வை. குடையை இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, காற்று வரும் பக்கமாகச் சாய்த்து நடந்தாள்.